உப்பு போன வழி

குளோரோஃபார்முக்கு ஒரு இனிப்பு வாசனை உண்டு. கனிந்துபோன பழங்களை மூடிவைத்த கடையைத் திறந்ததுபோல இருக்கும். எலும்புக்குச் சாரம் கட்டிக்கொண்டிருந்த அந்த வருடங்களை நினைத்தால் முதலில் வருவது அந்த வாசனைதான். அதன் பின்னால் கடல் வரும். அப்புறம் செங்கல்பட்டிலிருந்து கிளம்பும் பஸ்ஸின் ஜன்னல் கம்பி. கடைசியாகத் தம்பி வருவான், காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, மடியில் சல்லடையோடு.

சாரம் என்றால் கட்டடத்துக்குக் கட்டுகிறார்களே, அதுதான். கொத்தனார் ஏறி நின்று சுவர் எழுப்ப மூங்கில் கட்டுவதுபோல, எலும்பில் பெரிய இடைவெளி விழுந்த இடத்தில் துளைத்துளையான ஒரு சின்னத் துண்டை வைக்க வேண்டும். எலும்புச் செல்கள் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்க் குடியேறும். எலும்பு வளர வளரத் துண்டு தானாகக் கரைந்துவிடும். தயிரைப் புளிக்க வைக்கிற அமிலத்தைக் கண்ணி கண்ணியாகக் கோத்தால் ஒரு பாலிமர் கிடைக்கும். எங்கள் மூங்கில் அது.

கிழக்குக் கடற்கரைச் சாலையை அகலமாக்கிய புதிது. மாமல்லபுரத்துக்கும் திருவிடந்தைக்கும் நடுவில், சவுக்குத் தோப்பை ஒட்டி ஒரு கல்லூரி இருந்தது. அதன் பின்கட்டில் எங்கள் ஆய்வகம். நான் பிஎச்.டி. பண்ணிக்கொண்டிருந்தேன். வீடு கூடுவாஞ்சேரியில். கேளம்பாக்கம் வழியாகப் போனால் சீக்கிரம் போகலாம் என்று எல்லோரும் புத்தி சொன்னார்கள். நான் கேட்கவில்லை. மின்சார ரயிலில் செங்கல்பட்டு வந்து, பஸ் ஸ்டாண்டில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். உட்கார்ந்தால் தூங்கலாம். திருக்கழுக்குன்றம் மலை எப்போது வந்தது, எப்போது போனது என்று எனக்குத் தெரிந்த நாட்கள் குறைவு. கண் விழிக்கும்போது காற்றில் ஈரம் ஏறியிருக்கும். உதட்டை நக்கினால் கரிக்கும். இறங்கும் இடம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

அந்த பஸ் தூக்கத்தில் ஒரே கனவு திரும்பத் திரும்ப வரும். வெள்ளை வெளேரென்று ஒரு வீடு. அறைக்குள் நிற்பேன். சுற்றிலும் வெள்ளைச் சுவர், வாசல் கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கமும் அதேபோல் ஓர் அறை இருக்கிறது என்று மட்டும் தெரியும். அங்கே தம்பி இருமுவது கேட்கும். பயமாக இருக்காது, சும்மா நிற்பேன். கண்டக்டர் தோளைத் தட்டுவார்.

கனவு எங்கிருந்து வந்தது என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. பாலிமரைக் குளோரோஃபார்மில் கரைத்தால் தேன் பதத்துக்கு வரும். அதில் சலித்த உப்பைக் கொட்டிக் கலந்து அச்சில் ஊற்றுவோம். குளோரோஃபார்ம் பறந்துவிடும், துண்டு இறுகும். பிறகு அதைத் தண்ணீரில் போட்டால் உப்பு கரைந்து வெளியேறும். உப்பு இருந்த இடமெல்லாம் துளை. சொல்லும்போது இட்லி அவிப்பதைவிடச் சுலபமாக இருக்கிறது. ஆனால் என் துண்டுகளில் உப்பு வெளியேறவில்லை. ஒவ்வொரு உப்புக் கல்லையும் பாலிமர் தனித்தனியாகப் போர்த்தி மூடிவிட்டது. ஓரத்தில் இருந்தது கரைந்தது, நடுவில் இருந்தது அப்படியே சிறையில் கிடந்தது. எங்கள் சார் ஒரு துண்டைப் பிளேடால் வெட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏம்மா, ரூம் ரூமா கட்டியிருக்கே. ஒண்ணுக்காவது வாசல் வெச்சியா?”

உப்பு போய்விட்டதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. துண்டு ஊறிய தண்ணீரில் கொஞ்சம் எடுத்து, வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு விட வேண்டும். உப்பு இருந்தால் தண்ணீர் பாலாகத் திரியும். இல்லாவிட்டால் தெளிவாக இருக்கும். ஊறிய தண்ணீர் தெளிந்தபின் துண்டை வெட்டி நடுப்பகுதியை நசுக்கிச் சோதிப்பேன். உடனே பால். எத்தனை மாதம் பார்த்தாலும் பால். போதாததற்கு, வெள்ளி நைட்ரேட் பட்ட விரல் நுனியெல்லாம் கறுத்துக் கிடக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் பெண்கள், “வாழைப்பூ ஆஞ்சீங்களா?” என்று கேட்பார்கள். ஆமாம் என்றுவிடுவேன்.

தம்பியின் கதைக்கு வருகிறேன். அவன் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து முதல் வருடம். நாங்கள் திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கூடுவாஞ்சேரியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஒரு கீழ் போர்ஷனில் இருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, புது ரோடு வழுவழுவென்று இருக்கிறது என்று பைக்கை எடுத்துக்கொண்டு போனவன், திருவிடந்தை தாண்டி ஒரு வளைவில் விழுந்தான். கீழ்க்கால் எலும்பு நொறுங்கி, ஒரு பகுதியை எடுத்தே ஆக வேண்டியதாகிவிட்டது. எலும்பு இருந்த இடத்தில் இடைவெளி.

செங்கல்பட்டில் எலும்பு டாக்டர் ஒருவர். பேச்சில் சர்க்கரை கலக்காத மனிதர். தம்பியின் காலைச் சுற்றி வளையம் வளையமாக இரும்பு மாட்டி, கம்பிகளை எலும்புக்குள் குறுக்கே செலுத்தி, திருகாணிகள் வைத்துக் கொடுத்தார். மேலே நல்ல எலும்பை ஓர் இடத்தில் வெட்டியிருந்தார். தினமும் திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் வெட்டிய துண்டு மெல்லக் கீழே நகரும். அது நகர்ந்த இடத்தில் புது எலும்பு ஊற வேண்டும். “ஊறினா கால் உங்களுது,” என்றார் டாக்டர். “ஊறலேன்னா முழங்காலுக்குக் கீழே எடுத்துடறதுதான் உத்தமம். முன்னாடியே சொல்லிடறேன்.” தம்பி தலையை ஆட்டினான். நான் அவருடைய மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு எடுத்த எக்ஸ்ரே எல்லாவற்றிலும் அந்த இடம் கறுப்பாகவே இருந்தது. மேலே வெள்ளையாக எலும்பு, கீழே வெள்ளையாக எலும்பு, நடுவில் கடலில் ராத்திரி மாதிரி கறுப்பு. டாக்டர் ஒவ்வொரு முறையும், “பார்ப்போம்,” என்று மட்டும் சொல்வார்.

வீட்டில் சும்மா உட்கார்ந்து அவன் பைத்தியமாகிக்கொண்டிருந்தான். ஒரு சனிக்கிழமை ஆய்வகத்துச் சல்லடைகளையும் உப்பு பாட்டிலையும் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தேன். குழவியில் உப்பை நுணுக்கி, பெரிய கண் சல்லடையில் ஒருமுறை, சின்னக் கண் சல்லடையில் ஒருமுறை சலிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் தங்குவதுதான் நமக்கு வேண்டிய அளவு. நான்கே நாளில் என்னைவிட நன்றாகச் சலித்தான். சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றும் முன்பே உள்ளேயிருந்து குரல் வரும்.

“இன்னா அக்கா, பாலா தண்ணியா?”

‘இன்னா’ அவன் ஆஸ்பத்திரி வார்டில் பொறுக்கிக்கொண்டு வந்தது. “பால்,” என்பேன். “சரி விடு, நாளைக்குத் தண்ணி,” என்பான். எங்கள் வீட்டு பாஷையில் பால் என்றால் கெட்ட செய்தி. பால்காரர் வந்து “பால்” என்று கத்தினால்கூட இரண்டு பேரும் சிரிப்போம்.

ஒருநாள் சலித்த உப்பைப் பாட்டிலில் கொட்டிக்கொண்டே, “உன் ஆராய்ச்சியில நான் யாரு தெரியுமா? உப்புக்குச் சப்பாணி,” என்றான். விளையாட்டில் சேர்த்துக்கொண்டதுபோல் சேர்த்துக்கொண்டு கணக்கில் வைக்காத பிள்ளையை அப்படித்தான் சொல்வோம். நல்ல சிலேடை. உப்பும் இருந்தது, காலும் அப்படி இருந்தது. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. “சப்பாணி கிப்பாணின்னு பேசினா சல்லடையாலயே சாத்துவேன்,” என்று கத்தினேன். அவன் திருகாணியைத் திருப்ப ஆரம்பித்தான். அது திரும்பும் கிறீச் சத்தம் சமையலறைவரை கேட்கும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மாவு விற்கப் போனால் காற்றடிக்கும், உப்பு விற்கப் போனால் மழை பெய்யும் என்பார்களே, அது என் ஜாதகத்தைப் பார்த்துச் சொன்னதுதான். கடலோரத்தில், மழை மாதத்தில், உப்போடு மாரடிப்பவர் வேறு யார்? ஒரு வெள்ளிக்கிழமை காலை, தம்பி சலித்த உப்பை ஈரம் படாத ஜாடியிலிருந்து ஒரு தட்டில் கொட்டி எடுத்துவைத்தேன். சார் கூப்பிட்டார். பேச்சு மதியம் தாண்டி இழுத்துக்கொண்டு போனது. இடையில் கரண்ட் போக, யாரோ புண்ணியவான் புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறந்துவிட்டிருக்கிறார். நான் திரும்பி வந்தபோது உப்பு தண்ணி விட்டு, கல்லும் கல்லும் ஒட்டிக்கொண்டு கிடந்தது. கரண்ட் வந்ததும் ஓவனில் வைத்தேன், உதிர்ந்துவிடும் என்று. உதிரவில்லை. காய்ந்து ஒரே கட்டியாகிவிட்டது.

பாலிமரோ ஏற்கெனவே கரைந்து காத்துக்கொண்டிருந்தது. மறுநாள் லீவு, திங்கட்கிழமைவரை அது தாங்காது. சல்லடைகள் கூடுவாஞ்சேரியில் தம்பி மடியில். ஆனால் அவன் சலித்துக் கொடுத்த உப்பு இன்னொரு பாட்டில் ஸ்டோர் அலமாரியில் இருந்தது. ஸ்டோர் சாவி ஓர் அக்காவிடம். பக்கத்து மீனவக் குப்பத்துக்காரர். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். நான் போனபோது மணி ஆறு இருக்கும். அக்கா அலமாரிக்கு மேலே மாட்டியிருந்த அம்மன் படத்துக்குச் சின்ன விளக்கேற்றி, ஊதுவத்தியைச் சொருகிக்கொண்டிருந்தார்.

“அக்கா, அந்த உப்பு பாட்டில் வேணும்.”

“இன்னா மேடம், வெளக்கு வச்சிகினு கீறேன், இப்ப வந்து உப்பு கேக்குற? அதுவும் வெள்ளிக்கெயம. திங்கக்கெயம வா.”

“அக்கா, இது நம்ம வீட்டு உப்பு இல்ல. சோடியம் குளோரைடு. கெமிக்கல்.”

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பேரு இன்னாவா வேணா இருந்துட்டுப் போவட்டும். வாய்ல வச்சா கரிக்குமா, கரிக்காதா?”

“கரிக்கும்.”

“அப்ப குட்க்க மாட்டேன். ஆசிட்டு வேணுமா? எட்த்துனு போ. உப்பு மட்டும் கேக்காத. எங்க வூட்டு ஆளு கடல்ல கீறாரு.”

என் அம்மாவும் விளக்கு வைத்த பிறகு உப்பைக் கைமாற்ற மாட்டார். அந்த வார்த்தையையே சொல்ல மாட்டார். அக்கா சொன்னது என் காதுக்குப் புதிதல்ல. ஆனாலும் கோபம் கோபம்தானே. திரும்பி வந்து, அந்த உப்புக் கட்டியை எடுத்து அச்சுக்குள் அமுக்கித் திணித்தேன். அதன் தலையில் பாலிமரைக் கொட்டினேன். கலக்கவில்லை, ஒன்றும் இல்லை. அது கட்டிக்குள் மெல்ல இறங்கியது. குளோரோஃபார்ம் வாசனை எழுந்து கண்ணைச் சொருக வைத்தது. ஜன்னலுக்கு வெளியே கலங்கரை விளக்கத்தின் ஒளி சவுக்கு மரங்களைத் தொட்டுவிட்டுப் போனது. ஒழியட்டும் என்று பஸ் ஏறினேன். அன்று கனவுகூட வரவில்லை.

திங்கட்கிழமை துண்டைப் பிரித்துத் தண்ணீரில் போட்டேன். முதல் தண்ணீர் பால். அது எப்போதும் பால்தான். மாற்றினேன், பால். மறுநாள் கொஞ்சம் நீர்த்த பால். அதற்கு அடுத்த நாள் தெளிந்துவிட்டது. பழக்கதோஷத்தில் துண்டை வெட்டி, நடுப்பகுதியை நசுக்கி, சொட்டு விட்டேன். தண்ணீர்.

சொட்டு விட மறந்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி விட்டேன். தண்ணீர்தான். ஒரு துண்டை வடிதாள்மேல் வைத்து, சாரின் பேனாவிலிருந்து சிவப்பு மை ஒரு சொட்டு மேலே விட்டேன். மை தயங்கி நின்றது. பிறகு உள்ளே இறங்கிக் காணாமல் போனது. தூக்கிப் பார்த்தால் அடியில், தாளில், சிவப்புப் பொட்டு.

சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “என்னம்மா பண்ணே?” என்றார்.

“கோவப்பட்டேன் சார்.”

நடந்ததைச் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு விளக்கினார். ஈரம் பட்டபோது உப்புக் கல்லெல்லாம் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டது. பாலிமர் அவற்றைச் சுற்றித்தான் போக முடிந்தது, நடுவில் புக முடியவில்லை. கை கோத்திருந்த இடமெல்லாம் வாசலாகிவிட்டது. ஒரு கல் கரைந்ததும் அது போன வழியிலேயே அடுத்த கல்லும் போனது. பிறகு தேடிப் படித்தபோது, வேறு ஊர்களிலும் உப்பை வேண்டுமென்றே ஈரப்படுத்துகிறார்கள் என்று தெரிந்தது. அங்கே அதற்கு ஈரக்காற்று அடைத்த தனிப் பெட்டி. இங்கே வங்கக் கடல்.

ஸ்டோர் அக்காவிடம் போய்ச் சொன்னேன். “நீங்க உப்பு தராததாலதான் நல்லா வந்துச்சு அக்கா.” அவருக்கு ஆச்சரியமே இல்லை. “பின்ன? வெள்ளிக்கெயம சும்மாவா?” என்று சொல்லிவிட்டு பீக்கர்களை எண்ண ஆரம்பித்தார்.

அன்று சாயங்காலம் வாசலில் செருப்போடு நின்றபடியே, “தண்ணி!” என்று கத்தினேன். தம்பி உள்ளேயிருந்து விசிலடித்தான்.

அடுத்த மாதங்கள் மிதப்பாகவே போயின. எலியின் எலும்புச் செல்களைத் துண்டில் விட்டோம். மெல்லச் சீவிச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், ஊதாப் புள்ளிகள் ஓரத்தில் மட்டும் இல்லை, நடுவிலும் இருந்தன. வாசல் வழியாக நுழைந்து, ஒவ்வோர் அறையிலும் ஒன்றிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருப்பேன். தலையைத் தூக்கினால் ஜன்னலில் கடல் இருக்கும். கொஞ்ச நேரம் எது எதனுள் இருக்கிறது என்று குழம்பிப்போகும். பஸ் கனவிலும் வீட்டுக்கு வாசல்கள் வந்துவிட்டன. நான் அறை அறையாக நடந்து போவேன். தம்பி மட்டும் எப்போதும் அடுத்த அறையில் இருப்பான்.

அவனுக்கு ஒரு துண்டைக் கொண்டுவந்து காட்டினேன். கட்டைவிரல் நகம் அளவு, வெள்ளை. உள்ளங்கையில் வைத்து, எடை இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் கையை ஏற்றி இறக்கினான். பிறகு கேலியில்லாமல் கேட்டான்.

“இதை எனக்கு வெக்க முடியாதாக்கா?”

“முடியாதுடா. இன்னும் முயலுக்கே வெச்சுப் பாக்கல. மனுஷனுக்கு வர்றதுக்கு எத்தனையோ வருஷம் ஆகும். ஆனாலும் ஆகும், ஆகாட்டியும் போகும்.”

“அடுத்த வாரம் டாக்டர் படம் எடுக்கச் சொல்லியிருக்கார்.”

“தெரியும்.”

“இந்தப் படத்துலயும் கறுப்புன்னா, முடிவு பண்ணிடலாம்னார்.”

அதுவும் எனக்குத் தெரியும். துண்டைத் திருப்பிக் கொடுத்தான். நான் அதைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். என் தம்பியின் காலில் இருக்கிற இடைவெளிக்கு அளவெடுத்ததுபோல ஒரு பொருளைச் செய்துவிட்டு, அதை அவனுக்குக் கொடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அன்று அவனுக்கு எதிரில் நான் அழவில்லை. குழம்பில் உப்பு போட மறந்துவிட்டேன். அவன் தட்டை வழித்துச் சாப்பிட்டான்.

படம் எடுத்த அன்று ரயிலில் கூட்டமில்லை. அவன் ஊன்றுகோல்களை இரண்டு சீட்டுக்கு நடுவில் சாய்த்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தான். செங்கல்பட்டு ஏரி வந்ததும், “நல்லா நிறைஞ்சிருக்கு,” என்றான். டாக்டர் அறைக்கு வெளியே காத்திருந்தபோது படம் ஈரம் காயாமலே உறையில் வந்தது. உள்ளே போனோம். டாக்டர் போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுமை கிடையாது. கறுத்த விரல்களால் நானே உறையைப் பிரித்து, படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தேன்.

மேலே எலும்பு, கீழே எலும்பு. நடுவில் கறுப்பைக் காணவில்லை. அங்கே லேசாக, கலங்கலாக ஒரு வெள்ளை திரிந்திருந்தது. அந்த வெள்ளையை மாதக்கணக்கில் பார்த்துப் பழகிய கண் எனக்கு. வாய் தானாகவே சொல்லிவிட்டது.

“பால்.”

பின்னால் ஊன்றுகோல் ஒன்று தரையில் விழுந்தது. திரும்பினேன். தம்பியின் முகத்தில் ரத்தமே இல்லை. படத்தை அவன் பார்க்கவில்லை, என் வார்த்தையைத்தான் கேட்டிருந்தான். “சரி,” என்றான். “சரிக்கா. எடுத்துரலாம். பரவாயில்ல.” கீழுதட்டைக் கடித்துக்கொண்டு என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தான்.

டாக்டர் போனை வைத்துவிட்டு எழுந்து வந்தார். படத்தை என் கையிலிருந்து வாங்கி ஒரே ஒரு பார்வை. “என்னத்தை எடுக்கறது? ஏன் ரெண்டு பேரும் இழவு வீட்டுல நிக்கற மாதிரி நிக்கறீங்க? எலும்பு ஊறுதுய்யா. இந்தக் கலங்கல்தானே நாம இத்தனை நாள் கேட்டது? இது கெட்டிப்பட்டாப் போதும்.”

தம்பி டாக்டரைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். “பால்னு சொன்னியே?”

“பால்தாண்டா,” என்றேன். “பால்தான்.”

நாற்காலியில் உட்கார்ந்து, கதவு திறந்திருக்கிறது, வெளியே நோயாளிகள் பார்க்கிறார்கள் என்றுகூட நினைக்காமல், வாய்விட்டு அழுதேன். நான் ராப்பகலாக உயிரைக் கொடுத்துச் செய்த பொருள் என் தம்பிக்குத் தேவையில்லை. அதைவிடச் சந்தோஷமான செய்தி எனக்கு அந்த வேலையில் பிறகு எப்போதுமே வரவில்லை. டாக்டர் தர்மசங்கடத்தோடு மேஜையைச் சுற்றிப் போய், பேப்பர் வெயிட்டை நகர்த்தி வைத்தார்.

வெளியே வந்து, பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் டீ குடித்தோம். தம்பி கண்ணாடி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு டீயில் கலந்திருந்த பாலை உற்றுப் பார்த்துச் சிரித்தான். குடித்து முடித்து, ஊன்றுகோலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

“அப்போ உன் சாரம் எனக்கு வேணாம். நான் சலிச்ச உப்பையும் தண்ணியில விட்டுட்டே. கடைசிவரைக்கும் உன் ஆராய்ச்சியில நான் உப்புக்குச் சப்பாணிதான், இல்லக்கா?”

இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை. அவன் காலைப் பார்த்தேன். வளையங்களுக்குக் கீழே பாதம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

“உப்புக்கு நீதாண்டா,” என்றேன். “சப்பாணியைத்தான் காணோம்.”